பாமன்கடை ஜீப்பும் ஓர் ஆணியும்

வெள்ளவத்தையிலே காலி வீதியை விட்டு விலகி, முன்னாளில் ஹை ஸ்றீற் என்று வழங்கிய டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே கிழக்கு நோக்கி நடந்தால், கடற்காற்றின் உப்பு நாவில் மறைவதற்கு முன்னரே பாமன்கடை வந்துவிடும். நெசவாலைத் தொழிலாளர் சாரிசாரியாய் நடமாடிய பகுதி இது. ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றியின் மாடங்கள் வானளாவி நிற்கின்றன. சுற்றியுள்ள ஒழுங்கைகளில் தொடர்மாடி வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசுகின்றன. அவற்றுள் ஓர் ஒழுங்கையில், பளபளக்கும் சிறு கார்களின் வரிசைக்கு நடுவே, கலியாண வீட்டுக்கு மண்வெட்டியோடு வந்த கமக்காரனைப் போலப் பழைய டீசல் ஜீப்பு ஒன்று நிற்கக் காணலாம்.

அது எமது அத்தானுக்குச் சொந்தமானது. அக்காவைக் கேட்டால், அத்தான்தான் அதற்குச் சொந்தம் என்பார்.

அந்த ஜீப்பின் முன்புறத்தைக் கூர்ந்து நோக்குவோருக்கு ஒரு விநோதம் தென்படும். முன் தாங்கியின் நடுவே இரண்டு அங்குலச் சதுரத்தில் ஒரு துவாரம். பின்புறத்திலும் அவ்வாறே ஒன்று. அயல்வீட்டுச் சிறுவர்கள் அதை எலி போகும் வழி என்று நெடுநாள் நம்பியிருந்தனர். உண்மையில் அவை தடித்த உருக்குக் குழாய்களின் வாய்கள். வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டவை. அவற்றுள் வந்து அமர வேண்டிய பொருளோ, நான்காம் மாடியில், அக்காவின் களஞ்சிய அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பழைய சாக்கொன்றைப் போர்த்துக்கொண்டு உறங்குகிறது. அதன் பெயர் வின்ச். பாரமிழுக்கும் பொறி என்று தமிழிற் சொல்லலாம். ஆயினும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்குச் சென்று அவ்வாறு கேட்டால் கடைக்காரர் எம்மை ஏற இறங்கப் பார்ப்பார். எனவே வின்ச் என்றே எழுதுவோம்.

கிணற்றுக் கப்பியை அறிந்தவர்களுக்கு வின்சை விளக்குவது கடினமன்று. ஓர் உருளை, அதிலே சுற்றிய வடம், உருளையைச் சுழற்ற ஒரு மின் மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டப் பற்சில்லுகள். இவ்வளவே. ஒரு பற்சில்லை நடுவில் வைத்து, அதனைச் சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல வேறு பற்சில்லுகள் சுற்றிவருமாறு அமைத்திருப்பார்கள். இத்தகைய வின்சுகள் பலவற்றில் மோட்டார் இருநூறு தடவைக்கு மேற் சுழன்றால்தான் உருளை ஒரு தடவை சுழலும். கைக்கு அடக்கமான மோட்டார் ஒன்று மூன்று தொன் வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்தெடுப்பதன் இரகசியம் இதுதான். அவசரம் மட்டும் அதனிடம் செல்லாது. முழுப் பாரத்தோடு நிமிடத்துக்கு ஐந்தாறு அடி நகர்ந்தாலே பெரிது.

போர்க்களத்திலிருந்து தேயிலை மலைக்கு

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிறந்த ஜீப்பு, யுத்தம் முடிந்ததும் வேலையின்றி இருந்துவிடவில்லை. கமத்திலும் காட்டிலும் மலைத்தோட்டத்திலும் அதற்கு உடனே இடம் கிடைத்தது. அதைக் கண்டு ஆங்கிலேயர் ஆக்கிய லாண்ட் ரோவர், 1948 ஏப்பிரல் 30 ஆந் திகதி அம்ஸ்ரர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் பலருக்கு அது விரைவிலேயே இன்றியமையாத துணையாயிற்று. மலைப்பாதையிற் குதிரை செய்த வேலையை அது செய்தது. குதிரைக்குப் போட வேண்டிய கொள்ளை மட்டும் கேட்கவில்லை.

அக்கால லாண்ட் ரோவர்களில் விரும்பினால் முன்புறத்தில் ஒரு நிமிர்ந்த உருளையைப் பொருத்திக்கொள்ளலாம். கப்பலின் மேற்றளத்தில் நங்கூரச் சங்கிலியை இழுக்கும் உருளையின் சிறு உருவம் அது. எஞ்சினின் சுழற்சியே அதற்கு வலு. வடத்தை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, தளர்ந்த நுனியைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடி தளர்ந்தால் வடம் வழுக்கும், இறுகினால் இழுக்கும். வல்லவன் கையில் அது அருமையான கருவி. வல்லமையற்றவன் கையில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் மின்சாரம் அந்த இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவின் வார்ன் கம்பனியார் 1959 இல் பொதுமக்களின் வண்டிகளுக்கான மின்சார வின்சை வெளியிட்டனர். அவர்களது 8274 என்ற வின்ச், மலைப்பாதை ஓட்டிகளிடையே ஒரு குலதெய்வத்தின் மதிப்பைப் பெற்றது. பெயரிலேயே அதன் சாதகம் இருக்கிறது: 8,000 இறாத்தல் இழுவை, பிறந்த ஆண்டு 1974.

இவையெல்லாம் வண்டியோடு நிரந்தரமாகப் பூட்டியவை. கழற்றி மாட்டும் வின்ச் அதன் பின் வந்த யுக்தி. அமெரிக்காவிலே படகையும் இழுவைப் பெட்டியையும் இழுப்பதற்கு வண்டியின் பின்னால் இரண்டு அங்குலச் சதுரக் குழாய் பொருத்துவது பெருவழக்கு. அந்தக் குழாய்க்குள் நுழையத்தக்க உருக்குச் சட்டம் ஒன்றைத் தொட்டிலுக்குப் பிடிபோல ஒட்டி, தொட்டிலின்மேல் வின்சைப் பூட்டிவிட்டால் அதனை எங்கும் தூக்கிச் செல்லலாம் அல்லவா? குழாயின் பக்கவாட்டில் ஒரு துளை. சட்டத்திலும் ஒரு துளை. இரண்டையும் ஊடுருவி ஓர் ஆணி. ஐந்தில் எட்டுப் பங்கு என்று வாய்தவறிச் சொல்லிவிடக்கூடாது. எட்டில் ஐந்து பங்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் தடித்த ஆணி. இந்த ஆணியைப் பற்றியே பின்னால் நிறையச் சொல்ல இருக்கிறோம்.

நான்காம் மாடியில் ஏன்?

வாங்கிய பொருளை வண்டியிலேயே பூட்டி வைக்காமல் மாடிக்குத் தூக்கிச் செல்வது என்ன புத்தி என்று சிலர் கேட்கலாம். பாமன்கடையில் வசிப்பவர்கள் கேட்கமாட்டார்கள். முதலாவது, இங்கே பலருக்கு வண்டி நிறுத்தக் கொட்டகை கிடையாது. இரவெல்லாம் ஒழுங்கையில் நிற்கும் வண்டியில் விலையுயர்ந்த பொறியொன்று நீட்டிக்கொண்டு நின்றால் அதன்மேற் கண் வைப்பவர் எவரும் இருக்கலாம். இரண்டாவது, கடற்காற்று. வெள்ளவத்தையில் யன்னற் கம்பிக்கே ஆண்டுதோறும் வர்ணம் பூச வேண்டியிருக்கிறது. ஆண்டிற்கு நான்கு நாள் வேலை செய்து, எஞ்சிய நாளெல்லாம் உப்புக்காற்றில் நிற்கும் வின்சின் மின் இணைப்புகளைக் கறள் தின்றுவிடும். மூன்றாவது, பாதசாரிகள். நெருக்கமான வீதியில் இரும்புக் கொளுக்கியொன்று முன்னால் நீட்டி நிற்பது நல்லதன்று. 2025 ஜனவரியில் பொலிசார் வண்டிகளில் மேலதிகமாகப் பூட்டிய பாகங்களை அகற்றுவிக்க முனைந்தபோது, பஸ் வண்டிகளும் முச்சக்கர வண்டிகளும் பட்ட பாட்டை நாம் கண்டோம்.

இன்னுமொரு நயம் உண்டு. பூட்டிய வின்ச் முன்னால் மட்டுமே இழுக்கும். கழற்றக்கூடியதோ முன்னுக்கும் உதவும், பின்னுக்கும் உதவும். சேற்றில் அகப்பட்டவன் பெரும்பாலும் முன்னே போக விரும்புவதில்லை. வந்த வழியே திரும்பவே விரும்புகிறான். அத்தகைய சமயத்தில் முன்னால் நிற்கும் வின்ச் வெறும் பாரமே.

குறை இல்லையா? உண்டு, அதை மறைப்பது நியாயமன்று. தொட்டிலோடு சேர்ந்த வின்சின் நிறை ஏறத்தாழ நாற்பது கிலோ. மழை கொட்டும்போது, முழங்காலளவு சேற்றில் நின்று, சேற்றுக்குள்ளே மறைந்துபோன துவாரத்தைத் தடவித் தேடி, நாற்பது கிலோவை அதற்குள் நுழைத்துப் பார்க்கிறவர்களுக்கே அதன் அருமை தெரியும். அன்றியும் ஒற்றைக் குழாயில் தொங்கும் வின்ச் நேராக இழுப்பதற்கு மட்டுமே உகந்தது. பக்கவாட்டில் இழுத்தால் குழாய் நெம்புகோலாகி முறுகும், ஒட்டும் வெடிக்கலாம்.

2020 மார்ச் மாதத்தில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய ஜீப்புகளின் மதிப்பு தங்கத்தைப் போல ஏறிற்று. விற்கலாம் என்று அக்கா சொன்னார். அத்தான் விற்கவில்லை, அதற்கு மாறாகச் சதுரத் துவாரங்களை வைப்பித்தார். அப்போது வாங்கியதுதான் 9,000 இறாத்தல் இழுவை கொண்ட இந்த வின்ச்.

அந்த எண்ணை ஏன் தெரிந்தெடுத்தார் என்று வினவினோம். வண்டியும் பொருள்களும் ஆட்களும் சேர்ந்த நிறையை ஒன்றரையாற் பெருக்க வேண்டும் என்பது பொது விதியாம். எல்லாம் ஏற்றிய ஜீப்பு 2,700 கிலோ. ஒன்றரை மடங்கு 4,050 கிலோ. இறாத்தலில் ஒன்பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்குச் சரியே. ஆனால் கணக்கில் வராத ஒன்று இருந்தது.

ஓகியாவிலிருந்து இறங்கிய நாள்

2023 ஐப்பசி மாதம், பிள்ளைகளின் விடுமுறையில், அத்தான், அக்கா, அவர்களது இரு பிள்ளைகள், நாம் என ஐவர் மலைநாட்டுக்குப் புறப்பட்டோம். ஓகியாவிலிருந்து கலுபஹனைக்கு இறங்கும் பாதையை ஆங்கிலத்தில் பிசாசின் படிக்கட்டு என்பார்கள். பெயர் வைத்தவர் அதிகம் மிகைப்படுத்தவில்லை. கொண்டையூசி வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி இருக்கும். கீழே இறங்கினால் 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்தை நீர்வீழ்ச்சி; இலங்கையிலேயே உயரமானது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவதாக அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

நண்பகலுக்குப் பின் மூடுபனி இறங்கிற்று. தொடர்ந்து மழையும் வந்தது. ஒரு வளைவிலே மழைநீர் பாதையின் விளிம்பை அரித்துப் புதிய வாய்க்கால் ஒன்றை வெட்டியிருந்தது. பனிமூட்டத்தில் அது தெரியவில்லை. ஜீப்பின் முன் இடது சில்லு அதற்குள் இறங்கிற்று. வண்டி பள்ளத்தாக்குப் பக்கமாய்ச் சரிந்து, வயிற்றைக் கருங்கல்லில் ஊன்றி நின்றது. அதற்கு அப்பால் இரண்டு முழம் புல். அதற்கும் அப்பால் வெண்பனி மட்டுமே. அக்கா ஒரு சொல்லும் பேசாமல் வலது கதவு வழியாகப் பிள்ளைகளை இறக்கினார். அவர் பேசாதிருந்ததுதான் எமக்கு அதிக அச்சத்தைத் தந்தது.

முன்னே இழுக்க வழியில்லை. முன்னால் வளைவும் வெளியுமே. வந்த மேட்டை நோக்கிப் பின்னே இழுக்க வேண்டும். வின்சைத் தூக்கிப் பின்துவாரத்தில் நுழைத்தோம். அடிச்சட்டத்தின் வழியே பின்புறம்வரை போட்டிருந்த தடித்த மின்வடத்தைக் கொளுவினோம். பாரம் கூடும்போது இப்பொறி 12 வோல்ற்றில் 400 அம்பியர் மின்னை உறிஞ்சும். வீட்டுக்கு வரும் முழு மின்னிணைப்பே பெரும்பாலும் 30 அம்பியர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வடம் ஏன் பெருவிரல் தடிப்பில் இருக்கிறது என்பது விளங்கும். எஞ்சினை ஓடவிட்டே இழுக்க வேண்டும். அன்றேல் பற்றறி சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும்.

எல்லாம் ஆயத்தமான பிறகு அத்தான் கையை நீட்டினார்.

“தம்பி, ஆணியை எடு.”

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். கையுறை இருந்தது, கப்பி இருந்தது, மரத்துக்குக் கட்டும் அகன்ற பட்டி இருந்தது. ஆணி இல்லை. அது பாமன்கடையில், களஞ்சிய அறைக் கதவின் பின்னால், துலைந்துபோகாமல் இருக்கட்டும் என்று அத்தானே மாட்டிய கொளுக்கியில் பத்திரமாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

கழற்றி மாட்டும் பொருளின் பெருங்குறை இதுதான் என்று அன்றே உணர்ந்தோம். நிரந்தரமாகப் பூட்டியதற்கு மறதி இல்லை. வழியில் எதற்கோ உதவும் என்று ஒரு கடையில் வாங்கிய அரை அங்குலப் புரியாணி ஒன்று கிடந்தது. அத்தான் அதனைச் செருகி முறுக்கினார். துளை பெரிது, ஆணி சிறிது, ஆட்டினால் ‘கடகட’ என்றது.

“இவ்வளவும் போதும்,” என்றார் அத்தான். அவரது குரலில் உறுதி இருக்கவில்லை.

நாற்பதடி தொலைவில், மேட்டிலே நின்ற யூக்கலிப்டஸ் மரத்துக்குப் பட்டியைச் சுற்றி, உருக்கு வடத்தின் கொளுக்கியை அதிலே மாட்டினோம். வடத்தையே மரத்தில் நேராகச் சுற்றக்கூடாது. பட்டையை அறுத்து மரத்தைக் கொல்லும், வடமும் மடிந்து பழுதாகும். இந்த மட்டில் நாம் விதிப்படியே நடந்தோம்.

இதற்குள் தோட்டத்து லயத்திலிருந்து நால்வர் ஐவர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் வெள்ளைத் தலைப்பாகையுடன் ஒரு முதியவர். குளிருக்குக் கம்பளியைச் சுற்றியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சற்று விலகி நின்றார். அத்தான் கைப்பொத்தானை அழுத்தினார். வின்ச் முனகிற்று. வடம் நிலத்தை விட்டு எழுந்து நாண்போல் இறுகிற்று. அந்த நேரத்திலேதான் அக்காவின் இளைய மகள், வடத்துக்கு அப்பால் கழன்று கிடந்த தன் செருப்பை எடுப்பதற்காக ஓடினாள்.

முதியவர் அவளது கையைப் பற்றி இழுத்துக்கொண்டார். “கம்பியத் தாண்டக் கூடாது கண்ணு,” என்றவர், எம்மை நோக்கி, “ஐயா, பிள்ளைகள மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்களும் கம்பிக்கு நேரா நிக்காதீங்க,” என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை. ‘டக்’ என்று ஓர் ஓசை எழுந்தது. வின்ச் ஓர் அங்குலம் பின்னோக்கித் துள்ளி நின்றது. அத்தான் பொத்தானை விட்டார். வடத்தைத் தளர்த்திவிட்டுப் போய்ப் பார்த்தபோது, அந்தப் புரியாணி வில்லைப் போல வளைந்திருந்தது. இன்னும் சற்று இழுத்திருந்தால் அறுந்திருக்கும். அறுந்திருந்தால் நாற்பது கிலோ இரும்பு, இறுகிய வடத்தின் வேகத்தோடு, மரத்தை நோக்கிப் பறந்திருக்கும். அந்த வழியில் ஒரு சிறு செருப்புக் கிடந்தது.

இறுகிய உருக்கு வடத்தில் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது என்பதை அது அறுந்த பின்பே பலர் அறிகின்றனர். அதனாலேயே வடத்தின் நடுவில் கனத்த கம்பளியோ ஈரச் சாக்கோ போடுவார்கள்; அறுந்தால் நுனி மேலெழாமல் நிலத்திலே விழும். எமது கம்பளி பெட்டிக்குள்ளே மடித்தபடி இருந்தது. ஆட்கள் எவரும் வடத்தின் நீளத்துக்குக் குறையாத தொலைவில் நிற்க வேண்டும் என்பதும் விதி. அதையும் நாம் படித்தே இருந்தோம்.

கப்பியின் கருணை

முதியவர் ஒரு சிறுவனை லயத்துக்கு அனுப்பினார். அவன் ஒரு தகர டப்பாவுடன் திரும்பினான். தோட்டத்து உழவு மெசினின் பழைய ஆணிகள் அதிலே இருந்தன. முதலாவது தடித்தது, இரண்டாவது வளைந்தது, மூன்றாவது துளைக்குள் வெண்ணெயில் விரல்போல் இறங்கி அமர்ந்தது.

“ஒத்தக் கம்பியில இழுக்காதீங்க. கப்பி போடுங்க,” என்றார் அவர். இளமையில் தேயிலை லொறிகளைச் சங்கிலியும் கப்பியும் கொண்டு சேற்றிலிருந்து இழுத்தவராம். மின்சார வின்சை அன்றுதான் கிட்ட நின்று பார்த்தார். ஆயினும் அதன் இயல்பு அவருக்கு எம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர் சொன்னதன் நியாயத்தை வாசகர்களுக்கு விளக்குவோம். மரத்திலே கப்பியைக் கட்டி, வடத்தை அதற்குள்ளாகத் திருப்பிக் கொணர்ந்து வண்டியின் மற்றோர் இழுவைக் கொளுக்கியில் மாட்டினால், வண்டியை இரண்டு வடங்கள் இழுக்கின்றன. தேவையான இழுவை மூவாயிரம் கிலோ என்றால் ஒவ்வொரு வடத்துக்கும் ஆயிரத்தைந்நூறு. வின்சைத் தாங்கும் ஆணிக்கும் அந்தப் பாதியே. வேகம் பாதியாகும், மின்செலவும் தணியும். மரத்துக்கு மட்டும் முழுப் பாரமும் வரும். ஆகவே மரம் உறுதியானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு மறைபொருளும் உண்டு. வின்சின்மேற் பொறித்த 9,000 இறாத்தல், உருளையின் அடியில், முதலாம் அடுக்கு வடத்துக்கு மட்டுமே உரியது. மேலே அடுக்குகள் ஏறஏற உருளையின் பருமன் கூடி இழுவை குறையும். நான்காம் அடுக்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அத்தானின் கணக்கில் வராதது இதுவே. கப்பி போடும்போது வடம் அதிகம் வெளியே போவதால் உருளை மெலிந்து அதன் வலு கூடுகிறது. ஆனால் வடத்தை முற்றாக விட்டுவிடவும் கூடாது. உருக்கு வடமாயின் ஐந்து சுற்றாவது உருளையில் எஞ்ச வேண்டும். வடத்தைப் பிடித்திருப்பது நுனியிலுள்ள சிறு ஆணியன்று, அந்தச் சுற்றுகளின் இறுக்கமே.

இம்முறை அக்காவும் பிள்ளைகளும் மேட்டுக்கு மேலே, பாறையின் மறைவில் நின்றனர். கம்பளி வடத்தின்மேல் விழுந்தது. அத்தான் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்து சுக்கானைப் பிடித்தார். நாம் பக்கவாட்டில் விலகி நின்று பொத்தானை அழுத்தினோம். வண்டி முனகிக்கொண்டு அசைந்தது. இரண்டடி ஏறியதும் நிறுத்தினோம். தோட்டத்து இளைஞர் இருவர், வண்டி அசையாது நின்றபின், சில்லுகளுக்குக் கீழே கல் வைத்தனர். மோட்டார் சூடாறும்வரை காத்திருந்து மறுபடியும் இரண்டடி. தேர் இழுக்கும்போது சறுக்குக்கட்டை போடுவோரை நினைத்துக்கொண்டோம். செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் தேர் பம்பலப்பிட்டிக்கு வந்து சேர எடுக்கும் பொறுமைதான் இங்கும் வேண்டியிருந்தது. பதினைந்து அடிக்கு முக்கால் மணித்தியாலம் சென்றது. இடது சில்லு வாய்க்காலை விட்டு ஏறிப் பாதையில் உட்கார்ந்தபோது மழையும் விட்டிருந்தது.

பம்பரகந்தையை அன்று பார்க்கவில்லை. வந்த வழியே ஓகியாவுக்குத் திரும்பினோம். முதியவர் பணம் வாங்க மறுத்தார். “அந்த ஆணிய மட்டும் திருப்பிக் குடுத்திருங்க ஐயா, மெசினுக்கு வேணும்,” என்றார்.

வீடு திரும்பியபின்

அதன் பின் பாமன்கடையில் சில மாறுதல்கள் நிகழ்ந்தன. உருக்கு வடம் போய்ச் செயற்கை நாரில் முறுக்கிய வடம் வந்தது. டைனீமா என்று அதற்குப் பெயர். கடையிற் பொருள் கட்டித் தரும் பொலித்தீன் பையின் இனத்தைச் சேர்ந்த பொருள்தான். ஆயினும் மூலக்கூறுகளை ஒரே திசையில் நீட்டி நூற்றிருப்பதால் நிறைக்கு நிறை உருக்கினும் பல மடங்கு வலியது. உருக்கு வடம் ஏழெட்டுக் கிலோ என்றால் இது ஒன்றரைக் கிலோவைச் சுற்றியே நிற்கும், நீரில் மிதக்கும், அறுந்தாலும் உருக்கைப்போற் சீறுவதில்லை. அதற்கும் பகைவர்கள் உண்டு. மணல் உள்ளே புகுந்து நாரை அராவும், வெயில் நலிவிக்கும், வெப்பத்தையும் தாங்காது. உருளைக்குள்ளேயே தடையைக் கொண்ட வின்சில் பாரத்தோடு வடத்தை நெடுநேரம் இறக்கினால், தடையின் சூடு அடிச்சுற்றுகளை இளக்கிவிடும். உருக்கைப் போலன்றி வழுக்கும் இயல்புடையதாதலால் உருளையில் பத்துச் சுற்றாவது எஞ்ச வேண்டும். வெயிலுக்குப் பயந்து மாடியில் வைப்பதற்கு இன்னுமொரு காரணம் கிடைத்ததில் அத்தானுக்கு மகிழ்ச்சி.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நாட்டைச் சுழன்றடித்தபோது, மலைநாட்டுப் பாதைகள் மண்சரிவினால் மூடின. தாழ்நிலங்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. அவ்வேளையில் ஜீப்பு வைத்திருந்தோர் பலர் உணவுப் பொதிகளோடு புறப்பட்டனர். அத்தானும் வின்சை இறக்கிக்கொண்டு போனார். பாதைக்குக் குறுக்கே விழுந்த மரக்கிளைகளை இழுத்து விலக்கினாராம். ஓரிடத்தில், பள்ளத்தில் நின்ற ஒருவரை வின்சில் தூக்கித் தரும்படி சிலர் கேட்டிருக்கிறார்கள். அத்தான் இணங்கவில்லை, ஏணி தேடச் சொன்னார். வின்சின் தடை வண்டியை இழுப்பதற்கென்று அமைந்தது. மனிதரைத் தொங்கவிடுவதற்கு அது ஆகாது. அவரைக் கோழை என்று ஒருவர் ஏசினாராம். ஏணி வரும்வரை அதையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பழைய அத்தான் இணங்கியிருப்பார் என்றே எமக்குத் தோன்றுகிறது.

ஆணியைப் பொறுத்தவரை, அது இப்போது ஒரு முழச் சங்கிலியால் தொட்டிலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவது ஆணியொன்று அக்காவின் கைப்பையில், வீட்டுச் சாவிகளோடு பயணஞ் செய்கிறது. வளைந்த புரியாணியை எறிந்துவிடும்படி அத்தான் பலமுறை சொன்னார்; அக்கா அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே, மூத்தவனின் பரிசுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

முதியவரின் ஆணியை 2024 தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில் திருப்பிக் கொடுத்தோம். அம்முறை இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகச் சென்று கலுபஹனையில் ஜீப்பை நிறுத்திவிட்டு, தோட்டத்துக்குப் போகும் லொறியொன்றில் ஏறிக்கொண்டோம். அக்கா கொடுத்தனுப்பிய பருத்தித்துறை வடையையும் நல்லெண்ணெய்ப் போத்தலையும் அவர் பெற்றுக்கொண்டார். பின்பு ஆணியை வாங்கி, வெளிச்சத்திற் பிடித்து, நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நேராகவே இருந்தது. தகர டப்பாவிற் போட்டு மூடினார்.